பாட்டு வராத ரேடியோக்கள்

"தம்பி, இந்தப் பெட்டிக்குள்ள நாலு ரேடியோ இருக்காம். ஒண்ணுலகூட பாட்டு வர மாட்டேங்குது."

போன மார்கழியில் கோரிமேட்டில் ஒரு பெரியவர் என்னிடம் இப்படித்தான் ஆரம்பித்தார். ஜிப்மர் ஆஸ்பத்திரியிலிருந்து சில தெருக்கள் தள்ளி வீடு. மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். ஒரே மகன் பாரிஸில். புதுச்சேரியில் இது அதிசயமில்லை. இங்கே பல குடும்பங்களுக்கு ஒரு கால் பிரான்சில்தான் இருக்கிறது.

லீவில் வந்த மகன் ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளங்கை அகலம்தான். அதுதான் இனிமேல் வீட்டுக்கு மேனேஜர். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் விளக்கைப் போடும். ராத்திரி பதினோரு மணிக்கு அணைக்கும். மாடித் தொட்டி மோட்டாரை நிறுத்தும். கேட்டில் யாராவது வந்து நின்றால் பாரிஸுக்குச் சேதி அனுப்பும். வயசான அப்பா அம்மா தனியாக இருக்கிறார்களே என்ற கவலையில் வாங்கிய பெட்டி. மகனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மகன் விமானம் ஏறியதும் பெரியவர் செய்த முதல் காரியம், பெட்டியோடு வந்த கையேட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தது. மின்துறைக்காரர் அல்லவா? வைஃபை, ப்ளூடூத், ஜிக்பீ, ஸீ-வேவ் என்று நாலு ரேடியோ உள்ளே இருப்பதாகப் போட்டிருந்தது. ஆனால் அவர் வீட்டு விளக்கு, ப்ளக், கேமரா எல்லாம் நேரு வீதியில் வாங்கிய வைஃபை ரகம். மீதி மூன்று ரேடியோவுக்கும் அந்த வீட்டில் வேலையே கிடையாது.

"மூணும் ஆன்லதான் இருக்கு தம்பி. எப்படி ஆஃப் பண்றதுன்னு புஸ்தகத்துல ஒரு வரி இல்ல. ஆள் இல்லாத ரூம்ல லைட் எரிஞ்சா அணைக்கிறோம். இதை மட்டும் ஏன் விட்டு வைக்கணும்?"

சரியான கேள்வி. செல்போனை எடுத்துப் பெட்டியின் செட்டிங்ஸுக்குள் போகப் பார்த்தேன். நிர்வாகி பாஸ்வேர்ட் கேட்டது. அது மகனிடம் இருக்கிறது. அப்போது கோரிமேட்டில் காலை ஒன்பதரை. பாரிஸில் விடியற்காலை ஐந்து. தன் வீட்டு ஹாலில் இருக்கும் ஒரு ரேடியோவை அணைக்க, பெரியவர் பாரிஸ் கண்விழிக்கும் வரை காத்திருக்க வேண்டும்!

காத்திருந்தோம். அதற்குள் நான் உங்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியில் சினிமாவை விமர்சித்திருக்கிறேன், புத்தகத்தை விமர்சித்திருக்கிறேன். இந்த வாரம் ஒரு பெட்டியை. அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒரு கம்பெனியின் தப்பு மட்டும் இல்லை இது. ஒரு தொழிலே பழகிவிட்ட பழக்கம்.

முதலில், இந்த நாலும் என்ன? பேச்சுதான். வைஃபை உரக்கப் பேசும், நிறையப் பேசும்; கேமரா படம் போக அது வேண்டும். ப்ளூடூத் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகப் பேசும்; புதுக் கருவியை முதன்முறை அறிமுகப்படுத்த உதவும். ஜிக்பீ சிக்கனக்காரர். ஒரு விளக்கு அடுத்த விளக்கிடம் சொல்லி, அது அதற்கடுத்த விளக்கிடம் சொல்லி, கிராமத்தில் தண்டோரா போடுகிற மாதிரி செய்தி வீடு முழுக்கப் பரவும். ஸீ-வேவ் அதற்குப் பங்காளி, ஆனால் வேறு அலைவரிசை. முதல் மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸில் சந்திக்கின்றன. ஸீ-வேவ் மட்டும் கீழே, நாட்டுக்கு நாடு வேறுபடும் ஓர் இடத்தில் இருக்கிறது.

வாங்குபவர் வீட்டில் எந்த ரகக் கருவி இருக்குமோ தெரியாது என்பதால் கம்பெனிகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுகின்றன. அதில் தப்பில்லை. நாலையும் திறந்த நிலையிலேயே வைத்து விற்பதுதான் தப்பு.

நான் படித்தது பி.காம். அதனால் எதையும் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவேன். சும்மா இருக்கும் ஒரு ரேடியோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு தின்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம், 365 நாள். பெருக்கினால் வருஷத்துக்கு ஒரு யூனிட்கூடத் தேறவில்லை. ஆகவே "கரண்ட் பில் குறையும், அணையுங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு கோஷ்டி "கதிர்வீச்சு, உடம்புக்கு ஆகாது" என்று பயமுறுத்தும். டி.வி. பக்கத்தில் கிடக்கும் இந்தப் பெட்டி வெளியிடும் சக்தி, காதோடு ஒட்டிவைத்துப் பேசும் செல்போனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் இந்தப் பெட்டியைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை.

அப்படியானால் எதற்கு அணைக்க வேண்டும்? மூன்று காரணங்கள்.

முதல் காரணம், கதவு. ரேடியோ என்பது காது. காது திறந்திருந்தால் வெளியில் நிற்பவன் சொல்வதும் கேட்கும். மதில் சுவர், கேட் பூட்டு, நாய் எதுவும் அதைத் தடுக்காது.

2016-ல் இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்களும் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். குழுவில் அடி ஷமீர் இருந்தார். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. ரகசியக் குறியீட்டில் 'எஸ்' அவர்தான். ஒரு ட்ரோனில் சின்னக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்டு, 350 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு கட்டடத்தின் பிலிப்ஸ் ஹ்யூ விளக்குகளை ஜிக்பீ வழியாகத் தங்கள் சொல்படி மின்னவைத்தார்கள். விளக்குகள் மோர்ஸ் மொழியில் 'எஸ்.ஓ.எஸ்.' என்று மின்னின! அதோடு விடவில்லை. ஒரு விளக்கிலிருந்து பக்கத்து விளக்குக்கு நோய் மாதிரி தொற்றினால் எத்தனை விளக்கு இருந்தால் ஒரு நகரம் முழுக்கப் பரவும் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரண நகரம் பாரிஸ். வந்த விடை, சுமார் 15,000 விளக்குகள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "அங்கதான் என் பையன் இருக்கான்" என்றார், சிரிக்காமல்.

பிலிப்ஸ் அந்த ஓட்டையை அதே வருஷம் அடைத்துவிட்டது. 2020-ல் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இன்னொரு ஓட்டையைக் காட்டியது. இந்த முறை, கெடுக்கப்பட்ட ஒரு விளக்கிலிருந்து ஜிக்பீ வழியாகவே நடுப்பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் போக முடிந்தது. அதுவும் அடைக்கப்பட்டது.

"இதெல்லாம் உபயோகத்தில் இருந்த ரேடியோக்கள். உபயோகிக்காத ரேடியோவால் என்ன ஆகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு 2017-ல் பதில் கிடைத்தது. அர்மிஸ் என்ற நிறுவனம் ப்ளூடூத் மென்பொருளில் சில ஓட்டைகளைக் கண்டுபிடித்து 'ப்ளூபோர்ன்' என்று பெயர் வைத்தது. அதில் விசேஷம் என்னவென்றால், நீங்கள் எந்தக் கருவியோடும் ஜோடி சேர்த்திருக்கவே வேண்டாம். ப்ளூடூத் ஆனில் இருந்தாலே போதும். அந்த நவம்பரில், ஒன்றரைக் கோடி அமேசான் எக்கோக்களும் ஐம்பது லட்சம் கூகுள் ஹோம் கருவிகளும் அந்த ஆபத்தில் இருந்ததாக அர்மிஸ் அறிவித்தது. எக்கோ இந்தியாவுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம். இரண்டு கம்பெனிகளும் அறிவிப்புக்கு முன்பே திருத்தம் அனுப்பிவிட்டன. நல்லது. ஆனால் ப்ளூடூத்தில் ஒரு பாட்டுகூடக் கேட்காதவர் வீட்டிலும் அந்தக் கதவு திறந்துதானே கிடந்தது?

திருத்தம் வரும் என்ற நம்பிக்கையும் கம்பெனி உயிரோடு இருக்கும் வரைதான். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்கக் கம்பெனி வாடிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சர்வரை நிறுத்திவிட்டது. பின்னால் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி உயிர்கொடுத்தார்கள் என்பது வேறு கதை. கம்பெனி போகலாம், பெட்டி நம் ஹாலில்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம், நெரிசல். இப்போதே உங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டு மோடம், எதிர்வீட்டு பிரிண்டர், யாரோ வாங்கிப் பாதியில் செட்டப் செய்யாமல் விட்ட ஸ்மார்ட் ப்ளக்... எல்லாம் வரிசையாக நிற்கும். இவை ஒவ்வொன்றும் "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று பொதுவாக நொடிக்குப் பத்துத் தடவை கூவிக்கொண்டிருக்கின்றன. கூவுவதும் எந்த இடத்தில்? 2400-லிருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு சந்துக்குள். அதற்குள்தான் உங்கள் சினிமா, பையனின் ஆன்லைன் கிளாஸ், ஜிக்பீ, ப்ளூடூத் எல்லாம் போயாக வேண்டும். பெரியவர் வீட்டில் சும்மா இருக்கும் ஜிக்பீ இதில் பெரிய குற்றவாளி இல்லை. அது அதிகம் பேசாது. ஆனால் கேபிள் வழியாக மோடத்தில் இணைத்த பிரிண்டரும் பெட்டியும் தங்கள் வைஃபையையும் ஆனில் வைத்திருந்தால், அது சந்தில் சும்மா நிறுத்திவைத்த லாரி.

மூன்றாவது காரணம்தான் எனக்கே புதுசு. அது கோரிமேட்டுக்கு ரொம்பப் பொருத்தம்.

பெரியவர் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு நிறப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவர் அப்பாவின் ரேடியோ லைசென்ஸ். வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பித்த அடையாளங்கள் உள்ளே. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1933-ம் வருஷத்து கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கவே லைசென்ஸ் வேண்டும். எண்பதுகளில்தான் அது ஒழிந்தது. கேட்க மட்டும் தெரிந்த ஒரு ரேடியோவுக்கு அப்பா பணம் கட்டினார். பேசவும் தெரிந்த நாலு ரேடியோவை மகன் ஓசையில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

சட்டம் இதை எப்படி விடுகிறது? குறைந்த சக்தியில், குறிப்பிட்ட அலைவரிசைகளுக்குள் பேசினால் லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 2005-ல் கிடைத்தது. அதே வருஷம் 865-லிருந்து 867 மெகாஹெர்ட்ஸுக்கும் கிடைத்தது. 2021-ல் அதை 868 வரை நீட்டினார்கள். இந்தியாவுக்கான ஸீ-வேவ் பேசுவது 865.2-ல். எல்லைக்குள் இருக்கிறது, சரி. ஆனால் ஐரோப்பாவுக்குச் செய்த ஸீ-வேவ் பேசுவது 868.4-ல். எல்லைக்கு வெளியே!

அமெரிக்கப் பெட்டியாக இருந்தால் இன்னும் மோசம். அது 908.4-ல் பேசும். நம் ஊரில் 890-லிருந்து 915 வரை, செல்போன் டவரை நோக்கிப் பேசும் பாதை. கம்பெனிகள் ஏலத்தில் கோடி கோடியாகக் கொட்டி வாங்குகிற பாதை.

சக்தி குறைவு, உங்கள் பெட்டியால் டவர் சாயப் போவதில்லை. கூட ஒரு ஸீ-வேவ் கருவியும் இல்லாதபோது அது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் யாராவது ஒரு பட்டனை அழுத்தினால் பேசும். கோரிமேடு எல்லையைத் தாண்டும் வண்டிகளில் பாட்டில் இருக்கிறதா என்று போலீஸ் பார்க்கும். மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பிரான்சிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பாசத்தோடு சூட்கேஸில் வருகிற பெட்டிகள் எத்தனையோ. அதில் ஸீ-வேவ் இருந்தால், உபயோகிக்காதவர் அணைத்துவைப்பது நல்லது. உபயோகிக்கிறவர் இந்தியாவுக்கான கருவிக்கு மாறுவது இன்னும் நல்லது.

இனி என் விமர்சனத்துக்கு வருகிறேன்.

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? தெரியும். எழுதியே வைத்திருக்கிறார்கள். 2020-ல் ஐரோப்பிய தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சி, வீட்டுக் கருவிகளுக்கு ஒரு பாதுகாப்புத் தரம் வெளியிட்டது. உபயோகிக்காத இணைப்புகள் எல்லாம் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் பொறியியல் மையம் 2021-ல் அதே வழியில் 13 வழிகாட்டுதல்களோடு ஒரு நடைமுறைக் குறிப்பு வெளியிட்டது. நல்ல ஆவணம். ஆனால் அது அறிவுரை. கட்டாயம் இல்லை. கட்டாயப்படுத்த முடியாத விஷயமும் இல்லை, சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று 2024-ல் மத்திய அரசு உத்தரவு போட்டதே! கேமராவுக்கு ஒரு நியாயம், கேமராவை ஆட்டிவைக்கும் பெட்டிக்கு ஒரு நியாயமா?

கம்பெனிக்காரர்கள் பக்கத்திலும் ஒரு வாதம் உண்டு. "நாளைக்குக் கஸ்டமர் ஒரு ஜிக்பீ விளக்கு வாங்கி வருவார். ரேடியோ ஆஃபில் இருந்தால் விளக்கு எரியாது. உடனே கால் சென்டருக்குப் போன் போட்டுத் திட்டுவார்." நியாயம்தான். ஆனால் நீங்கள் வாங்கிய செல்போனில் ஹாட்ஸ்பாட் ஆனிலேயா வந்தது? இல்லை. தேவைப்பட்டபோது நீங்களே தட்டிக்கொண்டீர்கள். யாரும் கால் சென்டருக்குப் போன் போட்டுத் திட்டவில்லை.

நாலு பர்னர் கேஸ் அடுப்பு வாங்குகிறோம். ஒன்றில் பால் காயும்போது மற்ற மூன்றும் திறந்தே இருக்கட்டும், என்றைக்காவது விருந்து வரும் என்று எந்தக் கம்பெனியாவது சொல்கிறதா? அடுப்பு மூடிய நிலையில்தான் வருகிறது. பற்றவைப்பது நம் முடிவு.

முடியாத காரியமும் இல்லை. ஹூபிடாட் என்ற அமெரிக்கப் பெட்டியில் ஜிக்பீயைத் தனியாக, ஸீ-வேவைத் தனியாக அணைக்கலாம். அங்கேயும் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள் என்பேன்; அணைக்கும் வேலை நம் தலையில்தான். நான் கேட்பது அதற்கு மேல் ஒரு படி. பெட்டி வீட்டுக்கு வரும்போது எல்லா ரேடியோவும் ஆஃபில் இருக்கட்டும். முதல் நாள், "உங்கள் வீட்டில் எந்த ரகக் கருவி இருக்கிறது?" என்று கேட்டு, அதை மட்டும் திறக்கட்டும். கையேட்டின் முதல் பக்கத்தில், எதை எங்கே அணைப்பது என்று எழுதட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

அதுவரை நாம்?

பெட்டி வாங்கும் முன் அட்டையில் என்னென்ன ரேடியோ இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் எந்தக் கருவி எதில் பேசுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பட்டியலில் இல்லாததை மட்டும் அணையுங்கள். அவசரப்பட்டு ஜிக்பீயை அணைத்துவிட்டு, கேட் சென்சார் செத்துப்போனது தெரியாமல் ஊருக்குப் போய்விடாதீர்கள். ஆகவே அணைத்தபின் ஒவ்வொரு விளக்கையும் சென்சாரையும் ஒரு முறை சோதியுங்கள். புதுக் கருவி சேர்க்கும்போது சில பெட்டிகளுக்கு ப்ளூடூத் தேவைப்படும். அப்போது போட்டு, வேலை முடிந்ததும் அணையுங்கள். அப்டேட் வந்தபின் ரேடியோ தானாகத் திரும்ப ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

கோரிமேட்டுக்குத் திரும்புவோம். மதியம் பன்னிரண்டரைக்கு மகன் லைனில் வந்தார். தூக்கம் கலையாத குரல்.

"அப்பா, நான்தான் எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன்ல? நீங்க எதுக்குப்பா இதெல்லாம் தொடுறீங்க?"

பெரியவர் கோபப்படவில்லை. "வீடு நான் கட்டினதுடா. இதுல எது எரியணும், எது அணையணும்னு எனக்குத் தெரியணும். நீ பாஸ்வேர்டைச் சொல்லு."

கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பெரியவர் எழுதிக்கொண்டார். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு, அதன் அடியில் 'அட்வான்ஸ்டு'. அங்கே இருந்தன மூன்று பொத்தான்களும். ஒவ்வொன்றையும் அணைக்கும்போது, "நிச்சயமாகவா?" என்று பெட்டி கேட்டது. ஆனில் வந்தபோது யாரும் அவரைக் கேட்கவில்லை.

வாசல் விளக்கு, மோட்டார், கேட் கேமரா எல்லாவற்றையும் சோதித்தோம். எல்லாம் வேலை செய்தன. பெரியவர் எழுந்து மெயின் போர்டுக்குப் போனார். அதன் மூடிக்குள் எந்த ஸ்விட்ச் எதற்கு என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார், முப்பது வருஷப் பழக்கம். அதன் கடைசி வரிக்குக் கீழே பேனாவால் எழுதினார்: 'ரேடியோ மூன்று – ஆஃப்'. தேதியும் போட்டார்.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: "மிச்சம் இருக்கிற ஒண்ணுலயாவது பாட்டு வருமா?"